தரையில் தள்ளிவிட்ட தாளம்

ஆடுகிறவளுக்கு முழங்கால் போய்விட்டால் அவள் செத்ததற்குச் சமம் என்று சொன்னவர் என் நாட்டிய வாத்தியார். வேறு யாரிடமோ சொல்லி, அது ஊரைச் சுற்றி என் காதுக்கு வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னார். காலில் கட்டோடு படுத்திருந்த எனக்கு எழுந்து போகவும் வழியில்லை. காபி தீர்ந்ததும், "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். செத்தவளுக்கு என்ன உடம்பு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த வார்த்தையை என்றைக்காவது அவருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்பா கண்டோன்மென்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் மெஸ்ஸில் சமையல்காரர். சுதந்திரம் வந்தபோது மெஸ் காலியாயிற்று. தெருவெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் இனி யாருக்குச் சமைப்பது என்று வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து நட்டுவனார் குடும்பம். மல்லேஸ்வரத்துப் பெரிய வீடுகளில் பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்க வந்தவர். சொல்லிக்கொடுக்க அவர் வேண்டும், ஆனால் மீன் வாசனை ஆகாது என்று அந்தப் பக்கம் ஒருவரும் அவருக்கு வீடு வாடகைக்குத் தரவில்லை. எங்கள் தெருவுக்கு வந்தார். அப்பா வறுத்த மீன் அவருக்குப் பிடித்துப் போயிற்று. அந்த வழியில் நான் அவருடைய மாணவி ஆனேன். இந்தப் பெண்ணின் திறமையைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொண்டேன் என்று பிற்பாடு மேடைகளில் சொல்லுவார். அவர் முதலில் பார்த்தது மீனைத்தான்.

நாட்டியத்தில் எல்லோர் கண்ணும் ஆடுகிறவள் மேல்தான் இருக்கும். ஆனால் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, கையால் தாளம் தட்டி, வாயால் ஜதி சொல்லுகிறாரே நட்டுவனார், கடிவாளம் அவர் கையில். தாளம் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு வட்டத் தகடு. ஒன்று வெண்கலம், ஒன்று எஃகு. அது ஒலித்தால் கால் தரையில் விழவேண்டும். சின்ன வயசிலிருந்து என் கால் அவர் கைக்கு விழுந்தது. சில கச்சேரிகளுக்கு வேறு ஒருவரைத் தாளத்துக்கு உட்காரவைத்துவிட்டு அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அப்போதும் கை சும்மா இருக்காது, தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். எங்கேயாவது தடுமாறினால் ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்ப்பேன். பார்த்ததும் கால் தானாக வழிக்கு வந்துவிடும்.

அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா அல்சூர் பக்கம் ஒரு பங்களாவில் ஆயாவாக வேலைக்குப் போனாள். நான் ஆடினேன். பெங்களூரில் ஆடினேன், மைசூரில் ஆடினேன், கோலார் தங்கவயல் சுரங்கத்து ஜனங்களுக்கு எதிரில் திருவிழாவுக்குத் திருவிழா ஆடினேன். அங்கேதான் முழங்கால் போனது. பலகைகளை அடுக்கி மேடை என்று போட்டிருந்தார்கள். முழு மண்டியிலிருந்து எழும்பிக் குதிக்கிற இடத்தில் ஒரு பலகை விலகியது. முழங்காலுக்குள் ஏதோ கிழிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கீழே விழுந்ததும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள்.

கட்டுப் போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள். நடக்க வந்தது. தண்ணீர்க் குடம் தூக்க வந்தது. அரைமண்டியில் உட்கார மட்டும் வரவில்லை. அரைமண்டி இல்லாமல் பரதத்தில் ஒரு அடவுகூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அம்மா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தினம் ஒரே பாட்டைப் பாடுவாள்.

"காலுதானேடி போச்சு? வாயி நல்லாத்தானே கீது. பக்கத்து வூட்டுக் கொயந்தைங்களுக்கு இன்னாவாச்சும் சொல்லிக் குடு. பேஜார் பண்ணாம எந்திரி."

அவள் வாய்க்குப் பயந்துதான் எழுந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. முன்அறையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு தெருப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தேன். ஆடிக் காட்டத் தெரிந்தவளுக்கு வாயால் சொல்ல வரவில்லை. "இப்படி இல்லடி, அப்படி" என்பேன். எப்படி என்று அதுகள் முழிக்கும். வாத்தியார் தன் வாழ்நாளில் ஒருநாள்கூட எழுந்து ஆடிக் காட்டியதில்லை, வாயாலும் கையாலும்தான் என்னை ஆட்டுவித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் மேல் இருந்த கோபத்தோடேயே அவரைப் போலச் சொல்லப் பழகினேன்.

பழகினது அவருக்கு வசதியாகப் போயிற்று. புதிதாக வருகிற பெண்களை ஆரம்பப் பாடத்துக்கு என்னிடம் அனுப்புவார். அடவுகள் சுத்தமாக வந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுவார். மாவு அரைப்பது நான், தோசை வார்ப்பது அவர். அரங்கேற்ற மேடையில் என் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி இந்தப் பெண். மல்லேஸ்வரம். அப்பா விதான சௌதாவில், அதாவது சர்க்கார் தலைமைச் செயலகத்தில், பெரிய உத்தியோகம். தாத்தா காலத்திலிருந்தே மைசூர் சர்க்கார் வேலை என்பதால் வீட்டில் பாதித் தமிழ், பாதிக் கன்னடம். மற்றவர்களைப் போல அவளையும் ஒருநாள் வாத்தியார் அழைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் திரும்பி வந்து என் ஸ்டூலுக்கு எதிரில் நின்றாள்.

"என்னடி, அங்க போகல?"

"அவர்கிட்ட சந்தேகம் கேட்டா திட்டுறார், டீச்சர்."

"நான் மட்டும் கொஞ்சுறேனா?"

"நீங்க திட்டிட்டு பதில் சொல்றீங்க."

அவள் போகவே இல்லை. அடவிலிருந்து வர்ணம் வரைக்கும் என்னிடமே கற்றாள். வர்ணம் என்பது நாட்டியக் கச்சேரியின் நடுக்கட்டு. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்காமல் போகும், ஆடுகிறவளின் எலும்பு வரைக்கும் சோதித்துவிடும். என் காலில் இருந்ததெல்லாம் அவள் காலுக்குப் போய்ச் சேர்வதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் சந்தோஷமாக இருக்கும். சில நாள் எழுந்து போய் அவள் காலை உடைக்கலாமா என்றிருக்கும்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் அரங்கேற்றம் பேசினோம். அவள் அப்பா காரில் வந்தார். கார் எங்கள் சந்தில் நுழையாததால் இறங்கி நடந்து வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

"ஓப்பனாச் சொல்லிடறேம்மா. எங்க சொந்தக்காரங்க யாருக்கும் இதுல இஷ்டமில்லே. ஒரு ப்ரோக்ராம் நடக்கட்டும். நாலு பெரியவங்க பார்த்து நல்லா இருக்குன்னா மேல கத்துக்கட்டும். இல்லேன்னா சலங்கையக் கழட்டி வெச்சிட்டு கல்யாணத்துக்கு ரெடி ஆகட்டும், வரன் தயாரா இருக்கு. ஆனா தாளத்துக்கு ஒரு நிஜமான வித்வான் உக்காரணும். அது முக்கியம்."

நிஜமான வித்வான் என்றால் நான் இல்லை என்று அர்த்தம். பெண்கள் அந்த இடத்தில் உட்காருவதுமில்லை. வாத்தியாரைப் போய்க் கேட்டேன். சரியென்று தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவளைவிட எனக்குத்தான் பயம். அவள் தோற்றால் அவளுக்குக் கல்யாணம். எனக்கு? ஆட்டக்காரியாக ஒரு தடவை முடிந்துபோனவள் டீச்சராகவும் முடிந்துபோவேன். மூன்றாவதாக எதுவாக ஆவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒத்திகைக்கு வாத்தியார் வந்தார், ஆனால் வந்த மாதிரியே இல்லை. நேரம் கழித்து வருவார். தாளப் பெட்டியைத் திறக்கமாட்டார். "இன்னைக்கு வாயால போதும்" என்று ஜதியை மட்டும் சொல்லிவிட்டு மிருதங்கக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். அம்மா கொண்டுவந்த காபியையும் "பித்தம்" என்று தொடாமல் விட்டார். அம்மாவுக்கு அது பெரிய அவமானம்.

"இத்தினி வருசமா குடிச்ச காபி இப்போ பித்தமா? பெரிய வூட்டு காபி ருசி கண்டுட்டாரு, வேற இன்னா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், என்னைக் கெஞ்சவைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் கெஞ்சவில்லை.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற வாரம் வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாளப் பெட்டி.

"பத்திரிகையில குருன்னு என் பேர் மட்டும் போடச் சொல்லு. உன் பேர் வரக்கூடாது. இல்லேன்னா நான் வரல."

"அவ கால்ல இருக்கிற அடவுல ஒண்ணாவது உங்ககிட்டேருந்து வந்ததா, வாத்தியாரே?"

"உனக்கு எங்கேருந்து வந்துது?"

என் குரல் உயர்ந்தது. என்னவெல்லாமோ சொன்னேன். நாற்று விட்டது நான், அறுத்துக்கொண்டு போனது நீங்கள் என்றேன். மல்லேஸ்வரத்துக்காரர்கள் உங்களுக்கு வீடு கொடுக்காதபோது சோறு போட்டது எங்கள் வீடு என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தாளப் பெட்டியைப் புறங்கையால் தரையோடு தரையாக என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நீயே தட்டிக்க."

சிமென்டுத் தரையில் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்து என் கால் விரலில் மோதியது. மூடி திறந்துகொண்டது. ஒரு தகடு வெளியே வந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

தாளம் எங்களுக்குச் சாமி. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவோம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகவேண்டுமென்றால் இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்கவேண்டும். என் கால் தெரியாமல் பட்டதற்கே ஒரு தடவை தோப்புக்கரணம் போடவைத்தவர் அவர். அந்த மனுஷன் அதைத் தரையில் தள்ளிவிட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நான் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஆம்பள மாதிரி மேடையில குந்திக்கினு டங்கு டங்குன்னு தட்டப் போறியா?" என்றாள் அம்மா.

"தட்டப் போறேன்."

"தட்டு. காலு போச்சு, கையாவது சம்பாரிக்கட்டும்."

மல்லேஸ்வரத்தில் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "லேடீஸ் தட்டி நான் பார்த்ததே இல்லையேம்மா" என்றார். உள்ளேயிருந்து அவள் வந்து, "அப்பா, நான் டீச்சர் கைக்குத்தான் ஆடுவேன்" என்றாள். ஹாலுக்குச் சொல்லியாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அவரால் பின்வாங்க முடியவில்லை. "சரி, நோடோணா, பார்க்கலாம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான்" என்று எழுந்து உள்ளே போனார்.

நான் தட்டிய முதல் ஒத்திகையிலேயே குடி முழுகியது. வர்ணம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தாளம் இறங்கத் தொடங்கியது. நான் இழுக்கவில்லை, சத்தியமாக இழுக்கவில்லை. ஆனால் வேகம் சொட்டுச் சொட்டாக வடிந்து, கடைசியில் சாவு ஊர்வலம் போகிற நடைக்கு வந்துவிட்டது. மிருதங்கக்காரர் கையைத் தூக்கிவிட்டார். அவர் சிவாஜிநகரிலிருந்து சைக்கிளில் வருகிற, அதிகம் பேசாத மனுஷர்.

"பாப்பாவுக்குக் களைப்பு போல. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கும் அதேதான். அவளுக்குக் களைப்பு இல்லை. வேண்டுமென்றே வேகமாக ஆரம்பித்துப் பார்த்தோம், அதுவும் வடிந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். "என் காலுக்கு என்னமோ ஆயிடுச்சு டீச்சர்" என்றாள். எனக்கு ஆத்திரம் அவள் மேலா, என் மேலா, பெட்டியைத் தள்ளிவிட்டவர் மேலா என்று தெரியவில்லை. இன்னும் சில நாள்தான் இருந்தது.

காரணம் தெருக் குழாயடியில் கிடைத்தது. எங்கள் குழாயடியில் சண்டை வரும், மரியாதை வராது. அன்றைக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். "நீங்க புடிங்கக்கா." "பரவால்ல, நீங்க புடிங்க." ஒருத்தி குடத்தை வைப்பாள், எடுப்பாள், அடுத்தவளும் அப்படியே. தண்ணீர் தரையில் ஓடியது. "யாராச்சும் ஒருத்தி புடிங்கடி" என்று நான் கத்தினேன். கத்தின வாய் மூடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

நட்டுவனாருக்குத் தாளம் தன்னுடையது. தட்டுவார், ஆடுகிறவள் வந்து சேரவேண்டும். நான் நட்டுவனார் இல்லை. சின்ன வயசிலிருந்து தாளம் ஒலிக்கட்டும் என்று காத்திருந்து காலை வைத்தவள். கையில் தாளம் வந்தபிறகும் என் உடம்பு காத்துக்கொண்டுதான் இருந்தது, இப்போது அவள் காலுக்காக. அவளோ என் கைக்காகக் காத்திருக்கிறாள். நீ முதலில், நீ முதலில் என்று ஒருவருக்கொருவர் இம்மி இம்மியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தோம். ஆடிப் பிழைத்தவள் தாளத்துக்கு உட்கார்ந்தால்தான் இப்படி ஒரு கோளாறு வரும்.

அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து தட்டினேன். தாளம் அசையவில்லை. வர்ணம் முழுக்க வேகம் குறையாமல் நின்றது. அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மிருதங்கக்காரர் மட்டும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "மேடையில சொவரப் பாத்து உக்கார முடியாதேம்மா" என்றார். முடியாது. ஆடுகிறவள் எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே அபிநயத்தை நீட்டுகிறாள் என்று கண்ணால் பார்த்துத்தான் அடுத்த ஜதியை எடுக்கவேண்டும். காலைப் பார்க்கவும் வேண்டும், அதற்குக் காத்திருக்கவும் கூடாது. அது எனக்கு வரவில்லை. வராமலே அந்த நாள் வந்துவிட்டது.

ஹால் நிறைந்திருந்தது. நான் தாளத்தோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்ததும் சபையில் ஒரு சலசலப்பு. ஜதி சொல்ல வாயைத் திறந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்கெல்லாம் நான் தயாராக இருந்தேன். தயாராக இல்லாத ஒன்று முன்வரிசையில் இருந்தது. வாத்தியார் வந்திருந்தார். அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு, எனக்கு நேர் எதிரில், பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில்.

சின்ன உருப்படிகள் சமாளித்துப் போயின. வர்ணம் வந்தது. முதல் ஜதியில் தாளம் பிசகாமல் நின்றது. இரண்டாவது ஜதியில் அவள் காலைப் பார்த்தேன், பார்த்ததும் என் கை அதற்காகக் காத்து நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது, சிரித்த முகத்துக்கு மேலே கண் மட்டும் பயந்துபோய் என்னைப் பார்த்தது. தாளம் இறங்கியது. பாடுகிறவர் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடினார். மிருதங்கக்காரர் தலையைத் தூக்கவில்லை. பெண்ணின் அப்பா மறுபக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இன்னும் கொஞ்சம் வடிந்தால் அவள் ஒரு காலில் நிற்கிற இடத்தில் விழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது என் கண் தானாக அவரிடம் போயிற்று. பழக்கம். தடுமாறினால் அந்தக் கையைப் பார்த்தால் போதும். தொடையைப் பார்த்தேன். கை இல்லை. இரண்டு கையையும் அங்கவஸ்திரத்துக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளம் போடாமல் அவர் ஒரு கச்சேரி பார்த்ததை நான் கண்டதே இல்லை. எனக்குக் கிடைக்கக் கூடாது என்றே மறைத்து வைத்திருக்கிறார், பாவி. ஒரு கை தாளத்தைக்கூடப் பிச்சை போட மனசு வரவில்லை.

உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அவரைப் பார்ப்பதை விட்டேன். அவள் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் அதன் பேச்சைக் கேட்கவில்லை. அந்த வர்ணம் என்னுடையது. தங்கவயலில் பலகை விலகும்வரை நான் ஆடிய வர்ணம். அதை நான் ஆடினேன். அரைமண்டி போட்டு, முழு மண்டியில் விழுந்து எழுந்து, உட்கார்ந்த இடத்தில் கையால் ஆடினேன். தகடு என் காலாக இருந்தது. அவளுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சுற்று பின்தங்கினாள். நான் காத்திருக்கவில்லை. அடுத்த சுற்றில் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என் கையை விடவே இல்லை. முடிவுக் கோர்வையான தீர்மானம் முடிந்து கடைசி அடி விழுந்தபோது பின்வரிசையில் சிரித்தவர்களும் தட்டினார்கள் என்றுதான் நினைக்கிறேன். என் காதுக்குள் ரத்தம் இரைந்ததில் சரியாகக் கேட்கவில்லை.

முடிந்ததும் மரியாதை. குருவுக்குத் தாம்பாளத்தில் பழம், பட்டு, பூ வைத்துக் கொடுப்பது வழக்கம். பெண்ணின் அப்பா மேடைக்கு வந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டார். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேராகக் கீழே இறங்கி முன்வரிசைக்குப் போய், வாத்தியாருக்கு எதிரில் நீட்டினார். அழைப்பிதழில் என் பெயர்தான் இருந்தது. இருந்து என்ன? நிஜமான வித்வான் அவர்தானே. அந்தப் பெண் மேடையில் நின்று உதட்டைக் கடித்தாள். நான் தாளத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

வாத்தியார் கையை நீட்டவில்லை. தாம்பாளம் அந்தரத்தில் நின்றது. ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தலையை மட்டும் மேடைப் பக்கம் அசைத்தார்.

"அங்க குடுங்க. தட்டினது அவதான்."

வர்ணத்துக்குக்கூட எழாத கைதட்டல் ஹாலில் எழுந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். தாம்பாளம் என்னிடம் வந்தது. பெண்ணின் அப்பா, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று முணுமுணுத்து, "இனிமே வாரத்துல ரெண்டு நாள் நீங்க எங்க வீட்டுக்கே வந்துடுங்க, கார் அனுப்பறேன்" என்றார். அவள் சலங்கை கழலவில்லை. பிற்பாடு அவளே ஒரு டீச்சர் ஆனாள், தன் மாணவிகளுக்குத் தானே தாளம் தட்டினாள். பெண் தட்டுவதைப் பார்த்து அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதெல்லாம் நடந்தது. ஆனால் அன்றைக்குத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்தது வாத்தியாரை. அவர் எழுந்து போனார். யார் யாரோ கும்பிட்டார்கள். அவர் ஒருவருக்கும் திரும்பிக் கும்பிடவில்லை. கை அங்கவஸ்திரத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் காலையில் தாளப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் வருவதை எதிர்பார்க்கவில்லை. மறைக்க அவகாசம் கிடைக்கவில்லை. வலது கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. இடது கை அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது, அதுவும் சேர்ந்து ஆடியது.

பித்தம், வாயால போதும், தரையில் தள்ளிவிட்ட பெட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தக் கையால் அவர் தாளத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தால் இரண்டு தகடும் கிடுகிடுவென்று மோதிக்கொண்டு தெருவுக்கே சொல்லியிருக்கும். என்னோடு சண்டையை இழுத்து, கெட்டவன் என்று பெயர் வாங்கிக்கொண்டால் யாரும் கையைப் பார்க்கமாட்டார்கள்.

"எப்போலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து." என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து மூணாவது ஜதியில முந்தி ஓடினே."

"நீங்க கைய மறைச்சுக்கிட்டா நான் வேற என்ன செய்யறது? சொல்லியிருக்கலாமே, வாத்தியாரே."

"என்னன்னு சொல்ல? தாளம் தட்டறவனுக்குக் கை போயிட்டா..."

அதற்கு மேல் சொல்லவில்லை. மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே சொன்னதுதான். எத்தனை வருஷம் காத்திருந்தேன். எடுத்துக் கொடுக்க ஒரு வார்த்தைதான் பாக்கி. அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன், தலை குனிந்தே இருந்தது.

காபித் தம்ளரை எடுத்தேன். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அவர் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். முகத்தைத் திருப்பினார். நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தார். தாடையில் வழிந்ததை என் முந்தானையால் துடைத்தேன்.

"கைதானே போச்சு. வாய் நல்லாத்தானே இருக்கு" என்றேன். "ஜதி நீங்க சொல்லுங்க. நான் தட்டுறேன்."

பெட்டியைத் திறந்து எதிரில் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டு சுற்று போவதற்குள், "ஓடாதே, கழுத" என்று திட்டினார்.